பொந்தும் வளையும்

அணில்பிள்ளைக்குப் பால் புகட்ட இங்க் ஃபில்லர்தான் சரி. பஞ்சில் நனைத்துக் கொடுத்தால் பஞ்சையும் சேர்த்துக் கடித்துவிடும். பாலாடைச் சங்கோ அதன் வாய்க்குப் பெரிய கிணறு. 1978-இல் இராமேசுவரத்தில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, குடியிருந்த வீட்டின் ஓட்டுச் சந்திலிருந்து தாழ்வாரத்தில் விழுந்த ஒரு குஞ்சை அப்படித்தான் வளர்த்தேன். கண் திறந்திருக்கவில்லை. மயிரும் சரியாக முளைக்கவில்லை. முதுகில் அந்த மூன்று கோடு மட்டும் பென்சிலால் இழுத்தது போல மங்கலாகத் தெரிந்தது.

பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, வெதுவெதுப்பாக்கி, இரண்டு மணிக்கொருதரம் நாலு சொட்டு. பள்ளிக்கும் அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது மேசைக்குக் கீழே குனிந்து பால் கொடுப்பேன். ஒரு மாதத்தில் அது என் தோளில் ஏறிக் கொண்டைக்குள் மூக்கை நுழைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிறகு ஒருநாள் முருங்கை மரத்துக்குத் தாவியது, திரும்பி வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரில் அணிலை யாரும் விரட்ட மாட்டார்கள். சேது கட்டும்போது மண்ணில் புரண்டு வந்து உதறிய அணிலின் கதை அங்கே ஒவ்வொரு வீட்டுக் கதையும்தான். இராமபிரான் தடவிக் கொடுத்த விரல் தடம்தான் முதுகில் மூன்று கோடு என்று நானே எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அந்த அணிலைப் பாடியிருக்கிறார். தொல்காப்பியமே அணிலை மூன்று வரி உள்ளதென்று அடையாளம் சொல்லித்தான் அதன் இளமைப் பெயரைச் சொல்கிறது. பேச்சு வழக்கிலோ அது பிள்ளை. கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை, அணில்பிள்ளை என்று நமக்குப் பிரியமானதற்கெல்லாம் பிள்ளை என்று பேர் வைத்துவிட்டோம்.

எட்டுக்கால் உள்ளதற்கு வைத்த பேர் பூச்சி.

அதே ஆண்டு ஐப்பசி. பள்ளி வளாகத்தில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அடிமரத்தில் என் தோள் உயரத்தில் ஒரு பொந்து. மழை விட்ட ஒரு மாலையில், பள்ளி விடும் நேரம், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பொந்தின் வாயை ஒட்டி, மரப்பட்டையோடு பட்டையாக, என் உள்ளங்கை அகலத்தில் ஓர் எட்டுக்கால் பூச்சி. சாம்பலும் கறுப்புமாகக் கோலம் போட்ட உடம்பு. யாரோ குச்சியால் சீண்டியதும் முன்கால்களைத் தூக்கியது. அந்தக் கால்களின் அடிப்பக்கம் மஞ்சள் பளிச்சிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் பக்கத்தில் காணாக்கடி என்று ஒன்று சொல்வார்கள். எது கடித்தது என்று தெரியாமல் உடம்பு தடித்தால் காணாக்கடி. மந்திரிக்கப் போவார்கள். என் அம்மாவுக்கு ஒருமுறை அப்படி வந்து கை வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தார். அந்தப் பயம் முழுவதும் அன்று அந்தப் பொந்துக்கு எதிரே வந்து நின்றது. பள்ளியில் வேலை பார்த்த பெரியவரைக் கூப்பிட்டு, "பொந்துக்குள்ள சீமெண்ணெய ஊத்திக் கொளுத்துங்க" என்றேன்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளை. "டீச்சர், அது ஒண்ணும் செய்யாது டீச்சர். எங்க வீட்டுப் புளியிலயும் இருக்கு. ராத்திரிக்கு வெளிய வரும், கரப்பான் பூச்சியத் தின்னுட்டு உள்ள போயிரும்" என்றான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, "பேசாம வீட்டுக்குப் போ" என்றேன். அவன் போகவில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பெரியவர் எண்ணெயை ஊற்றிக் குச்சியைக் கிழித்துப் போட்டார். பெரியது வெளியே வரவில்லை. குட்டிகள் வந்தன. பொந்தின் மேல் வெடிப்பு வழியாக, கட்டைவிரல் நகம் அகலத்தில், ஏழெட்டு இருக்கும். இரண்டோ மூன்றோ பட்டையில் கொஞ்ச தூரம் ஏறின. பெரியவர் விளக்குமாற்றால் அவற்றையும் தட்டிவிட்டார். பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் அணிலுக்குத் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தேன். என் அணில் இல்லாவிட்டால் என்ன, ஊர் அணில் தின்னட்டும் என்று.

இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே கையால் செய்தேன் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் என் நினைவுக்கே வரவில்லை. வந்தது கலிபோர்னியாவில்.

மகள் சான் ரமோனில் இருக்கிறாள். அந்த ஊரிலிருந்து பார்த்தால் டயாப்லோ மலை தெரியும். 3,849 அடி. டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் பேய் என்று மாப்பிள்ளை சொன்னார். அக்டோபர் மாதம் ஒருநாள் மாலை எல்லாரும் மலைக்குப் போனோம். கோடை முழுக்க வெயிலில் காய்ந்து புல் வைக்கோல் நிறத்தில் நின்றது. எங்கள் ஊர்க் கருவேலங்காடு மாதிரியே ஒரு வறட்சி. எனக்கு அது பிடித்திருந்தது.

உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில் ஓர் அணில் வந்தது. அணில் என்றுதான் பேத்தி சொன்னாள், எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் அணிலைப் போல நாலு மடங்கு. முதுகில் கோடு இல்லை, பழுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி இருந்தது. தோளில் மட்டும் நரைத்த சால்வை போட்டது போல வெளுப்பு. ஆள் நடமாட்டம் தெரிந்ததும் மரத்தைத் தேடவில்லை, தரையில் இருந்த வளைக்குள் போய்விட்டது. தரை அணில். அதன் வீடு மண்ணுக்கடியில். ஒரு வளைக்குப் பல வாசல். வாசலில் நின்று, முன்கைகளை நெஞ்சில் கூப்பி எட்டிப் பார்த்தபோது, முகம் மட்டும் நம் பிள்ளையின் முகம்தான். கையில் இருந்த முறுக்கை உடைத்தேன். "அம்மாச்சி, குடுக்கக் கூடாது, போர்டு போட்டிருக்கு" என்று பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாயத் திரும்பும்போது வழியில் இரண்டு கார்கள் நின்றிருந்தன. பூங்காவின் தன்னார்வலர் ஒருவர், என் வயதுப் பெண்மணி, சாலை நடுவில் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார். என்னவோ ஏதோ என்று இறங்கினோம். தார்ச்சாலையின் குறுக்கே அது நடந்துகொண்டிருந்தது. டாரண்டுலா. கால் எட்டும் கறுத்து, உடம்பு பழுப்பு மயிர் அடர்ந்து, விரித்த என் கையளவு. நான் என்ன செய்தேன் என்று யோசித்துச் செய்யவில்லை. கால் செருப்பு கையில் இருந்தது.

"அத்தை, அத்தை" என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அவள் செருப்பைப் பிடிக்கவில்லை, என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அது ஒண்ணும் செய்யாது, அம்மாச்சி."

அதே சொல், அதே தலைப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் தட்டிவிட்ட கை திரும்பி வந்து பிடித்தது போல இருந்தது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எட்டுக்கால் பூச்சியை முழுசாகப் பார்த்தேன்.

அது ஓடவில்லை. நடந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, குருடர் கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்ப்பது போல மெல்லத் தொட்டுப் பார்க்கும். பிறகு அடுத்த கால். நாலடி வைத்ததும் நிற்கும். காற்று வந்து முதுகு மயிர் சாயும்போது நின்று, காற்று நின்றதும் நடந்தது. சாலையைக் கடக்கப் பத்து நிமிடம் எடுத்திருக்கும். பின்னால் நின்ற காரில் ஒருவரும் ஒலி எழுப்பவில்லை.

அந்த அம்மாள் பேசப் பேசப் பேத்தி எனக்குச் சொன்னாள். இது ஆண். பிறந்து ஏழெட்டு ஆண்டு ஒரே வளையில் இருந்திருக்கிறது. பருவம் வந்ததும் வளையை விட்டுக் கிளம்பிவிட்டது, பெண்ணைத் தேடி. இனித் தன் வளைக்குத் திரும்பாது. பெண்ணைக் கண்டாலும் காணாவிட்டாலும் குளிர் முற்றுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். பெண்ணோ வளையை விட்டு அதிக தூரம் போவதேயில்லை, இருபது ஆண்டுக்கு மேலும் இருக்கும். பெரியதான பிறகும் தோலை உரித்துப் புதுத் தோல் போட்டுக்கொள்ளும். உரிக்கிற நாள்களில் வளை வாயை நூலால் மூடிக்கொள்ளும்.

மனிதருக்கு அதனால் என்ன தீங்கு என்று கேட்கச் சொன்னேன். கடித்தால் தேனீ கொட்டின அளவுக்கு வலிக்குமாம். ரொம்பச் சீண்டினால் வயிற்றுப் பக்கத்து மயிரைப் பின்காலால் உதிர்த்து வீசும், பட்டால் அரிக்கும், கண்ணில் படக் கூடாது. அவ்வளவுதான். அதற்குத்தான் எதிரி அதிகம். டாரண்டுலாவைப் பிடிப்பதற்கென்றே ஒரு பெரிய குளவி உண்டு. கொட்டிச் செயலிழக்கச் செய்து, குழிக்குள் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு முட்டை வைத்துவிடும். புழு பொரித்து உயிரோடு தின்னும்.

மறுநாள் காலை பேத்தி டார்ச் விளக்கோடு என்னை வீட்டுக்குப் பின்புறத்துக் குன்றுக்கு அழைத்துப் போனாள். பழைய ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு துளை. வாயில் மெல்லிய நூல் சவ்வு, பனி பட்டு வெள்ளையாக. அதற்கு நாலடி தள்ளித் தரை அணில் வளை. டாரண்டுலா பல நேரம் எலியோ அணிலோ விட்டுப்போன வளையில்தான் குடியேறுமாம். தரை அணில் தோண்டிய வீட்டில் ஒரு வகை ஆந்தை குடியிருக்கிறது, ஒரு வகைச் சலமாண்டர் கோடையைக் கழிக்கிறது. பிள்ளையும் பூச்சியும் ஒரே மண்ணில் வீடு மாற்றிக் குடியிருக்கின்றன. சேதுவுக்கு மண் சுமந்தது நம் அணில் என்றால், இந்த அணில் மண்ணைத் தோண்டி ஊருக்கே வீடு கட்டிக் கொடுக்கிறது.

அந்த ஆறு மாதமும் எனக்கு இதே வேலையாகிவிட்டது. பேத்தி பள்ளிக்கூடத்து நூலகத்தில் எடுத்து வருவாள், நான் படிக்கச் சொல்லிக் கேட்பேன். படிக்கப் படிக்க நான் வைத்திருந்த பேர்கள் இடம் மாறின.

தரை அணிலுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு பரம்பரை எதிரி. வளர்ந்த அணிலின் இரத்தத்தில் அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி உண்டு, குட்டிகளுக்குப் போதாது. அதனால் பாம்பு வந்தால் தாய் ஓடாது. எதிரே நின்று மண்ணைக் கால்களால் வாரி அதன் முகத்தில் வீசும். வாலை ஆட்டும். கிலுகிலுப்பைப் பாம்பு உடல் சூட்டை உணரக்கூடியது. அதன் முன் நிற்கும்போது மட்டும் அணில் தன் வாலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சிச் சூடேற்றிக்கொள்கிறது, பாம்புக்குத் தான் பெரிதாகத் தெரிவதற்கு. சூட்டை உணராத வேறு பாம்பு வந்தால் ஆட்டுகிற வாலில் சூடு ஏறுவதில்லை. டேவிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2007-இல் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பாம்புச் சட்டையை மென்று தன் மேல் நக்கிப் பூசிக்கொள்வதையும் கண்டிருக்கிறார்கள். எதிரியின் வாசனையைப் போர்த்திக்கொண்டு குட்டிகளோடு தூங்குகிற தாய்! இரவு பத்து மணிக்கு இதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே அணில் சாதுவும் இல்லை. பிரியோனஸ் பூங்கா, டயாப்லோ மலை இருக்கும் அதே மாவட்டம். அங்கே 2024 கோடையில் தரை அணில்கள் வோல் என்னும் எலியைத் துரத்திப் பிடித்துத் தின்பதை ஆய்வாளர்கள் படம் பிடித்தார்கள். கொட்டையும் விதையும் கொறிப்பது என்று நாம் பாடம் நடத்திய உயிர் அது. 1908-இல் அந்த மாவட்டத்து அணில்களிடம் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாக நோய் மனிதருக்கு வரும். பயிரையும் தின்றதால் முதல் உலகப்போர் சமயத்தில் அந்த மாநில அரசு அதைப் போர் எதிரியாகவே அறிவித்தது. 1918-இல் ஒரு வாரத்தை அணில் ஒழிப்பு வாரமாக்கி, பள்ளிப் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சுவரொட்டிகளில் அணிலுக்கு ஜெர்மன் படைவீரன் தொப்பி. பிள்ளைகள் நஞ்சு கலந்த தானியத்தை வைத்து, செத்ததன் வாலை வெட்டிப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், அதிகம் கொண்டுவந்தவர்களுக்குப் பரிசு. அந்த வாரத்தில் சேர்ந்த வால்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

முதுகைத் தடவிய கதை ஓரிடத்தில். வாலை வெட்டிய கதை இன்னோரிடத்தில். இரண்டுக்கும் அந்த உயிர் என்ன செய்தது? கதை சொன்னவர்கள் நாம். அந்தப் பள்ளிகளிலும் என்னைப் போல ஓர் ஆசிரியை மேசையில் வால்களை எண்ணியிருப்பாள், நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் நல்லெண்ணத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும்போது அடையாளம் காண்பது கடினம். எனக்கு அறுபத்தேழு வயது ஆக வேண்டியிருந்தது. நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பத்து நிமிடம் நின்று பார்க்காமல் எந்த உயிருக்கும் பேர் வைக்கக் கூடாது. அந்த மீனவப் பிள்ளை பத்து நிமிடம் என்ன, பல இரவுகள் தன் வீட்டுப் புளியமரத்தடியில் நின்று பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் படிப்பு இருந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் இராமேசுவரத்துப் பூச்சியைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தத் தீவில் ஒரு மர டாரண்டுலா இருப்பதை ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் 2004-இல்தான் புது இனமாக எழுதி வைத்தார். கண்டெடுத்த இடம் அனுமவிலாசம் கோயில் வளாகம். அதனால் அதன் அறிவியல் பெயர் பொயசிலோதீரியா அனுமவிலாசுமிகா. வீடு புளி போன்ற பழைய மரங்களின் பொந்து. தாயும் குட்டிகளும் ஒரே பொந்தில் சேர்ந்து வாழும் குணம் உள்ள குலம் அது. 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. பிற்பாடு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் கண்டிருக்கிறார்கள். இராமர் பாலத்தின் இரு முனையிலும் அணிலோடு அணிலாக அதுவும் இருக்கிறது, அதற்கு மட்டும் கதை இல்லை.

நல்லதை மட்டும் சொல்லி ஏமாற்றக் கூடாது. நம் மர டாரண்டுலாவுக்கு அமெரிக்க டாரண்டுலாவைப் போல வீசுகிற மயிர் கிடையாது, ஆனால் கடி வலு அதிகம். அந்தக் குலத்தின் கடி பட்டவர்களுக்குத் தசை பிடித்திழுத்து நாள் கணக்கில் வலித்திருக்கிறது. கையில் எடுத்து விளையாடுகிற பொருள் இல்லை. ஆனால் மனிதர் யாரும் அதனால் இறந்ததாகப் பதிவு கிடையாது. அது தேடி வந்து கடிப்பதும் இல்லை. ஆள் அரவம் கேட்டால் பொந்துக்குள் மறைந்துவிடும். அன்று அந்தப் பெரியது மறைய முடியாமல் வாசலில் நின்றதற்குக் காரணம் உள்ளே குட்டிகள் இருந்ததுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாம்பின் முகத்தில் மண்ணை வாரி வீசிய தரை அணிலும் இதைத்தான் செய்தது.

சென்ற தை மாதம் இராமேசுவரம் போயிருந்தேன். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயில் முடித்து, ஆட்டோ பிடித்துப் பழைய பள்ளிக்குப் போனேன். புளியமரம் இல்லை. அது நின்ற இடத்தில் சைக்கிள் கொட்டகை. கொட்டகைத் தகரத்தின் மேல் இரண்டு அணில்கள் வாலைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தப் பையனை விசாரித்தேன். ஊரில் இல்லை, குடும்பத்தோடு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இருந்திருந்தால் அவனுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

தீவில் வீடும் மனையும் விடுதியும் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பழைய புளியமரம் இருந்தால் முடிந்தவரை விட்டுக் கட்டுங்கள். பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால் அகலமான டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே பழைய மரம் ஏதாவது இருந்தால் அதன் தூரில் விட்டுவிடுங்கள்; கை படாமல் இரண்டு நிமிட வேலை. பொந்துக்குள் மட்டும் சீமெண்ணெய் ஊற்றாதீர்கள்.